சாட்சிக்கு நாலு தோல்

அத்தியாயம் 14

முக்காலியின் மேல் ஏறி நின்றவளை ஒரு வாரமாக அப்படியே நிற்க வைத்துவிட்டோம். கால் கடுத்திருக்கும். மூத்த மருமகளுக்கோ இதெல்லாம் ஒரே மூச்சில் நடந்த காரியம். மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் சாவி கிடைத்தது, முக்காலியை இழுத்துப் போட்டது, சமையலறை மேல் அலமாரியின் பூட்டில் சாவியைச் செருகியது.

மாமியார் போய் ஐந்து வாரம். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு அவள் சொன்னது இவ்வளவுதான். "மாமா சாப்பிட மாட்டேன்னு உக்காந்துட்டா மேல் அலமாரியைத் திற. அவர் கண்ணுல மட்டும் படக் கூடாது."

மாமா உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது வருடம் தக்காளி மண்டி நடத்தியவர். மண்டிக்காரர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். குரலாலேயே ஒரு லாரிச் சுமையை விற்றுவிடக்கூடியவர். அந்த மனுஷன் பதினோரு நாளாக நாலு வாய்ப் பாலும் அரைத் துண்டு ரொட்டியுமாக இருக்கிறார். நாற்காலியில் இருப்பது ஆளா, காயப்போட்ட சட்டையா என்று கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. "நாளைக்குக் காலைல எடை பார்ப்பேன். இன்னும் ஒரு கிலோ இறங்கியிருந்தா பேச்சே கிடையாது, அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அவ போன அதே கட்டடத்துக்கா? நான் போனா திரும்ப மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார் மண்டிக்காரர்.

அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. மனைவி வைக்கும் தக்காளி சூப். மருமகள் நாலு தடவை வைத்துப் பார்த்தாள். மண்டியிலிருந்து வந்த முதல் தரப் பழத்தை வேகவைத்து, தோலுரித்து, வடிகட்டி, பால் ஊற்றி. நாலு தடவையும் ஒரு கரண்டி வாயில் வைத்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கும்மா. அவ சூப் இல்ல."

பூட்டு திறந்தது.

உள்ளே நகை இல்லை, கடிதக் கட்டு இல்லை. டப்பாக்கள்! ஏழு தகர டப்பாக்கள், பட்டாளம் மாதிரி வரிசையாக. பச்சை நாடா போட்ட லேபிள், அதில் மூன்று தக்காளிப் படம். பக்கத்தில் க்ரீம் பாக்கெட்டுகள், சூப்புக்குக் கரைக்கிற காய்கறிக் கட்டிகள், வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பொடி எழுத்தைப் படிப்பதுதான் பிழைப்பு. லேபிளின் அடியில் இருந்த தொழிற்சாலைப் பெயரைப் படித்ததும் முக்காலியே ஆடுவது போலிருந்தது.

அது சின்னவன் வேலை பார்க்கும் இடம்.

அவள் கொழுந்தன் ஆறு வருடத்துக்கு முன் அந்த வேலைக்குச் சேர்ந்த அன்று இந்த வீட்டுக் கூடத்தில் நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. "நான் பழம் விக்கிறவன். நீ டப்பாவுல பழத்தோட பொணத்தை அடைச்சு விக்கப் போறியா? இனிமே இந்த வாசல்ல நீயும் வராதே, உன் டப்பாவும் வர வேண்டாம்." மண்டிக்காரர் சொன்னால் சொன்னதுதான். ஐந்து வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரி நடையின் கோடியில் சின்னவன் வந்து நின்றபோது, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான்.

டப்பாக்களுக்குக் கீழே ஒரு பழைய உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முதுகில் மாமியாரின் கையெழுத்து. எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விழுந்து கிடந்தன.

'எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. விரல் மடங்கவில்லை. ஒரு கரண்டி வெண்ணெயில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் ஒவ்வொரு சிட்டிகை. கருகவிட்டால் போச்சு. ரெண்டு டப்பாவைச் சாறோடு கொட்டு. காய்கறிக் கட்டி ஒன்று, தண்ணீர் ஒரு தம்ளர். பத்து நிமிஷம் கொதித்தால் போதும். டப்பாப் புளிப்பு அடங்க அரைக் கரண்டி சர்க்கரை. ஆறவிட்டு மிக்ஸியில் ஓட்டி மறுபடி சூடு பண்ணு. அடுப்பை அணைத்த பிறகுதான் க்ரீம். கொதியில் ஊற்றினால் திரிந்துபோகும், உன் மாமா மாதிரி. மொத்தம் அரை மணி கூட ஆகாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு மணி நேரம் உள்ளேயே இரு. வாரப் பத்திரிகை கீழ்த்தட்டில் இருக்கிறது. சாட்சிக்கு நாலு தக்காளித் தோலை உரித்துத் தட்டில் போட்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி வை. மண்டிப் பழத்தைக் கீழ் வீட்டுத் தையல்காரிக்குக் கொடுத்துவிடு. ஆறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. டப்பாவைத் திறப்பதுதான் பெரும் பாடு. அதற்கு ஓர் ஆளைப் பார்த்துக்கொள்.'

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் கணவனின் குரல் கேட்டது. உறையை இடுப்பில் செருகி, அலமாரியைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

பெரியவன் தக்காளிக் கூடையை இறக்கி வைத்தான். மண்டி இப்போது அவன் பொறுப்பு. "அப்பா, இன்னைக்கு வந்ததுலயே இதுதான் டாப்பு."

மண்டிக்காரர் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினார். ஒரு பழத்தை வாங்கி, காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெல்ல அமுக்கினார். உடம்பில் அந்த விரல் மட்டும்தான் இன்னும் மெலியவில்லை.

"பறிச்சு நாலு நாள் ஆன பழம். எவன் தலையில கட்டினான்?"

"இன்னைக்குப் பறிச்சதுன்னு சத்தியம் பண்ணான்பா."

"சத்தியம் பண்ணானா? அப்ப அஞ்சு நாளு."

பெரியவன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. பழத்தை மடியில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். "இதுலயே வையும்மா. அவ நாலு நாள் பழத்துலயும் அமிர்தம் மாதிரி வைப்பா. எத்தனை வியாபாரியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்! இந்த சூப்பைக் குடிச்சிட்டு அப்புறம் என் பழம் வேணாம்னு சொல்லுய்யான்னு சொல்வேன். ஒருத்தன்? ஒருத்தன் வேணாம்னு எழுந்து போனதில்ல."

மருமகள் தரையைப் பார்த்தாள். ஆறு வருடமாக மண்டிப் பழத்தை விற்றுக் கொடுத்தது தகர டப்பா என்று இவருக்கு யார் சொல்வது?

"ஏங்க, நீங்க கிளம்புங்க. நான் இன்னைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றாள் கணவனிடம்.

அவன் வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு எடை பார்க்க வருவாங்க. ஏதாவது பண்ணுடி. நான் அவரைத் தூக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன். என்னால முடியாது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவள் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

டப்பா திறக்கிற கருவி முட்டைக்கரண்டிக்குப் பின்னால் கிடந்தது. மரப்பிடி, துருப் பிடித்த பல், சுற்றுவதற்குக் காது போல ஒரு திருகு. மாமியார் எழுதியது சும்மா இல்லை. பல்லை விளிம்பில் ஏற்றுவதற்கே உயிர் போயிற்று. பாதி சுற்று வரும், நழுவும். மறுபடி ஏற்ற வேண்டும். டப்பாவை வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் முறுக்கி, கட்டைவிரலில் கீறல் வாங்கிக்கொண்டுதான் முதல் மூடி எழும்பியது. இரண்டாவதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. வெண்ணெய் உருகி நுரைத்தது. பொடிகள் பட்டதும் அவள் நாலு தடவை தேடித் தோற்ற அந்த வாசனை, இங்கேதான் இருந்தேன் என்பது போல எழுந்தது. தக்காளி கொட்டினாள், கட்டியை உதிர்த்தாள், சர்க்கரை போட்டாள். ஆறவிட்டு, மிக்ஸியில் ஓட்டி, மறுபடி சூடாக்கி, அடுப்பை அணைத்து, க்ரீம் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து ஊற்றினாள். வெள்ளை ஒரு வட்டம் போட்டு, சிவப்பில் கலந்து, சூரியன் சாய்கிற நேரத்து நிறத்துக்கு வந்தது.

கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி கூட ஆகவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் திருடி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கதவுக்கு வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வாசனை வருதேம்மா."

"இன்னும் வேகணும் மாமா."

"தோலெல்லாம் உரிச்சாச்சா?"

கூடையிலிருந்து நாலு பழத்தை எடுத்து, வெந்நீரில் போட்டு, தோலை உரித்துத் தட்டில் பரப்பினாள். "உரிச்சுக்கிட்டே இருக்கேன் மாமா."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

கீழ்த்தட்டில் வாரப் பத்திரிகைகள் அடுக்கி இருந்தன. மேலே கிடந்த இதழில், ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. மாமியார் பாதியில் விட்ட பக்கம். அவள் அதைத் திறக்கவில்லை.

ரெண்டு மணி நேரம் கழித்து மண்டிக்காரர் முதல் கரண்டியை வாயில் வைத்தார். மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கரண்டி கீழே வரவில்லை. கிண்ணத்துக்குப் போயிற்று. திரும்ப வாய்க்குப் போயிற்று. மூன்றாவது கரண்டியில் அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. துடைக்காமல் குடித்துக்கொண்டே இருந்தார். கிண்ணத்தின் அடியை ரொட்டியால் வழித்துத் தின்றார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமா. நிறைய இருக்கு."

இரண்டாவது கிண்ணமும் தீர்ந்தது. "அவளேதான்" என்றார். "எங்க கத்துக்கிட்டே? என்கிட்ட நாலு நாளா மறைச்சு வச்சிருந்தியா?" பிறகு தட்டில் கிடந்த தோலைப் பார்த்து, விரலால் ஒன்றைத் தூக்கினார். "பார்த்தியா, நம்ம பழம்! நாலு நாள் ஆனாலும் நம்ம பழம் நம்ம பழம்தான்."

அந்த நிமிஷத்தில் மருமகள் ஜெயித்திருந்தாள். டாக்டரின் எடை மெஷின், மூக்குக் குழாய் எல்லாவற்றையும் ஜெயித்திருந்தாள். கீழ் வீட்டுத் தையல்காரி படியில் நின்று கூப்பிட்டதும், கூடையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனாள். நாலு வார்த்தை பேசித் திரும்பினாள். அவ்வளவுதான் நேரம்.

நாற்காலி காலியாக இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேலாக மண்டிக்காரர் தாண்டாத வாசல் அந்தச் சமையலறை வாசல். "உங்க கை அங்க விலை பேசட்டும், என் கை இங்க பேசும்" என்று மனைவி விரட்டியே பழக்கம். இன்று வயிற்றில் தெம்பு ஏறியிருந்தது. மருமகளுக்கு வேலை வைப்பானேன் என்று காலிக் கிண்ணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். பதினோரு நாளில் அவர் நடந்த அதிக தூரம் அது.

கிண்ணம் தொட்டியில் இருந்தது. அவர் கையில் ஒரு காலி டப்பா.

"இது என்னம்மா?"

அவர் டப்பாவைத் தூரப் பிடித்து லேபிளைப் படித்தார். படித்துவிட்டு, விரலை உள்ளே விட்டுத் துடைத்து நக்கினார். வியாபாரி அல்லவா. சரக்கைச் சோதிக்காமல் பேச மாட்டார்.

"எத்தனை நாளா?"

"மாமா, உக்காருங்க."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ஆறு வருஷமா."

முக்காலியைக் காலால் தள்ளிப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த உறையை எடுத்து நீட்டினாள். மறைத்து இனி ஆவதென்ன?

அவர் வாசிக்க நெடுநேரம் ஆயிற்று. 'உன் மாமா மாதிரி' என்ற இடத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது. திரும்ப முதல் வரிக்குப் போய், 'விரல் மடங்கவில்லை' என்பதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"மூணு மாசமாத்தான் முடியலன்னு சொன்னாளே."

"ரொம்ப நாளாவே விரல் முட்டியெல்லாம் வீங்கியிருக்கும் மாமா. சல்லடையைப் பிடிச்சு வடிகட்ட முடியாது. வலிக்குதுன்னு என்கிட்டயும் சொன்னதில்ல. இவ்வளவு முடியாம இருந்திருக்காங்கன்னு இன்னைக்குத்தான் எனக்கும் தெரியும்."

"என் சட்டைக் கைக்குப் பட்டன் அவதான் போடுவா. ஒரு நாள் நிறுத்திட்டா. நீங்க என்ன பெரிய ராஜாவா, நீங்களே போட்டுக்குங்கன்னா. நான் சிரிச்சேன்." அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பட்டன் போடாமல் தொங்கியது. "விரல் மடங்காம நின்னுருக்கா, நான் சிரிச்சிருக்கேன். தக்காளியைத் தொட்டா அது எந்தக் கிழமை பறிச்சதுன்னு சொல்லுவேன். பக்கத்துல உக்காந்திருந்தவ கையைப் பார்க்கலியே!"

"மாமா..."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் சூப் குடிச்சிட்டுச் சொன்னேன், இப்பதான்டி உன் கைக்குப் பக்குவம் வந்திருக்குன்னு. அன்னைக்குத்தான் டப்பா வந்திருக்கு. சொல்லியிருக்கலாமே. கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை." குரல் உடைந்தது. "சொல்ல முடியாதபடி நான்தான் வச்சிருந்தேனா?"

மருமகள் குனிந்து, தொங்கிய அவர் சட்டைக் கைக்குப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் அவர் கண் அந்தக் கருவியின் மேல் விழுந்தது. அதை எடுத்து, மேடையில் திறக்காமல் இருந்த ஒரு டப்பாவை இழுத்து, பல்லை விளிம்பில் வைத்து முறுக்கினார். நழுவியது. மறுபடி முறுக்கினார். மறுபடியும் நழுவியது. டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். நாற்பது வருடம் எதிராளியின் முகத்தைப் படித்தே பிழைத்த கண்கள் திடீரென்று கூர்மையாயின.

"உன் விரல்ல என்ன காயம்?"

"இதைத் திறக்கறப்ப கீறிடுச்சு."

"உனக்கே இந்தக் கதி. பட்டன் போட முடியாத விரலால அவ எப்படித் திறந்தா?"

மருமகள் தன் கட்டைவிரல் கீறலைப் பார்த்தாள்.

"சூப் என்னைக்கு வைப்பா? வியாழக்கிழமை. எனக்கு லோடு இறங்கற நாள், மத்தியானம்தான் வருவேன். நீ வேலைக்குப் போயிடுவே. பெரியவன் என்கூட. வீட்டுல யாரு?"

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து வந்தால், கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள் இரண்டு இருக்கும். தையல்காரி வந்து போயிருப்பாள் என்று அவள் நினைத்ததுண்டு. இப்போது தம்ளர் தாங்கியைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார்.

"வாரா வாரம் வந்திருக்கான்" என்றார் மண்டிக்காரர். "நான் வராதேன்ன வாசல் வழியா வந்து, இந்த முக்காலியில உக்காந்து, அவங்க அம்மாவுக்கு டப்பா திறந்து குடுத்திருக்கான். அதை நான் ஊரைக் கூட்டி வச்சுக் குடிச்சிருக்கேன்."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துத் திரும்பிய முகம் இப்போது திரும்புவதற்குச் சுவர் தேடியது. சமையலறையில் எல்லாப் பக்கமும் மனைவியின் சாமான்தான் இருந்தது.

கடைசியில் பேசினார். எந்த வியாபாரத்திலும் முதல் விலையை அவர் சொன்னதில்லை. இன்று சொன்னார்.

"அவனுக்குப் போன் போடு. அப்பா கூப்பிட்டேன்னு சொல்லாதே. டப்பா திறக்கணும்னு சொல்லு."

அவள் கூடத்துக்கு ஓடினாள். கொழுந்தனின் போன் அணைந்து கிடந்தது. மூன்று தடவை போட்டாள். பிறகு டப்பாவின் லேபிளில் இருந்த தொழிற்சாலை எண்ணையே போட்டுப் பேர் சொல்லிக் கேட்டாள்.

"அவரா? வேலையை விட்டுட்டாரேம்மா. அம்மா தவறிப் போனாங்கன்னு லீவு எடுத்தாரு, திரும்ப வந்து எழுதிக் குடுத்துட்டாரு. நாலு வாரம் ஆச்சு. எங்க போறேன்னு யாருக்கும் சொல்லல." எதிர்முனைக் குரல் சற்றுத் தயங்கியது. "போறப்ப ஒரு பெட்டி தக்காளி டப்பா வாங்கிட்டுப் போனாரு. வீட்டுல குடுக்கணும்னாரு. வரலியா?"

"வரல" என்றாள். போனை வைத்தாள்.

சமையலறைக்குத் திரும்பியபோது மண்டிக்காரர் எழுந்து நின்றிருந்தார். பாத்திரத்தில் மிஞ்சிய சூப்பை மூன்றாவது கிண்ணத்தில் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, தட்டால் மூடிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் கை செய்த முதல் பரிமாறல்.

"எப்ப வர்றானாம்?"

அவர் முகத்தில் ஐந்து வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அது அணைந்தால் நாளைக்கு எந்த டப்பாவாலும் அதை ஏற்ற முடியாது. நாளைக் காலையில் எடை.

மருமகள் தட்டில் கிடந்த தக்காளித் தோலைப் பார்த்தாள். காய்ந்து சுருளத் தொடங்கியிருந்தது. காலையில் சொன்ன பொய்க்குச் சாட்சியாக அதுவாவது இருந்தது; இன்னொரு பொய்க்கு எதுவும் இல்லை.

"மாமா," என்று ஆரம்பித்தாள்.